அரசியல் அறிவியல் முடித்தபின் பன்னாட்டு வளர்ச்சித் துறைக்குள் நுழைவது எப்படி?

நெல்லை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் முதுகலை இறுதியாண்டு படித்து வருகிறேன். இளங்கலையைத் தமிழ் வழியில் படித்தேன். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தலைவராக இருப்பவர்கள் கிராம சபைக் கூட்டங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதே என் ஆய்வேட்டின் பொருள். அதற்காகச் சுற்றுவட்டார ஊராட்சிகளுக்குப் போய் வந்தபோது, குடிநீர், சுகாதாரம், மகளிர் குழுக் கடன் என்று ஒவ்வொரு திட்டத்துக்குப் பின்னாலும் மாவட்ட நிர்வாகம், மாநில அரசு, ஒன்றிய அரசு, சில திட்டங்களில் உலக வங்கி என்று பல அடுக்குகள் இருப்பதைக் கண்டேன். இத்திட்டங்களை வடிவமைப்பவர்கள் யார், அவை பலன் தந்தனவா என்று அளந்து சொல்பவர்கள் யார், அந்த வேலைக்கு என்னைப் போன்றவர்கள் போக முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது, இன்றுவரை விடவில்லை.

எங்கள் துறையில் பெரும்பாலான ஆசிரியர்கள் நெட் தேர்வு எழுதி ஆசிரியப் பணிக்குப் போ, இல்லையென்றால் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படி என்கிறார்கள். அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்குப் பன்னாட்டு வளர்ச்சித் துறையில், அதாவது இத்தகைய திட்டங்களை வடிவமைத்து மதிப்பிடும் துறையில், வேலை செய்யவே விருப்பம். டெல்லியிலோ வெளிநாட்டிலோ பட்டம் பெறாமல் இதற்குள் நுழைய வழி உண்டா? பொருளியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் இடம் அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கும் கிடைக்குமா? அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்ட இந்தக் காலத்தில் இத்துறையை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மதுரை மதிப்பீட்டாளர்:

வணக்கம். நான் அரசியல் அறிவியல் படித்து, தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்து, இப்போது திட்டங்களை மதிப்பீடு செய்யும் வேலையில் இருப்பவன். பொருளியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் இடம் உங்களுக்கும் கிடைக்குமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஆய்வேட்டிலேயே அதற்குப் பாதி விடை இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2005ஆம் ஆண்டு உலக வங்கியின் நிதியுதவியுடன் புதுவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டதை அறிந்திருப்பீர்கள். ஊர்தோறும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அமைத்து, யார் ஏழை என்பதை ஊர் மக்களே கூடிக் கண்டறிந்து, பணத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்து, செலவைச் சமூகத் தணிக்கைக் குழு பார்வையிடும்படி அத்திட்டம் அமைக்கப்பட்டது. இதில் பொருளியலுக்கு எவ்வளவு வேலை உண்டோ அதே அளவு வேலை அரசியல் அறிவியலுக்கும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பட்டியலைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்களா, ஊராட்சித் தலைவருக்கும் இந்தச் சங்கத்துக்கும் உரசல் வந்தால் யார் சொல் எடுபடும், சேரித் தெருப் பெண் எழுந்து பேசினால் அதிகாரி காது கொடுப்பாரா என்பவையெல்லாம் அதிகாரம் பற்றிய கேள்விகள். தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் மக்கள் பேசியவற்றை அப்படியே எழுத்தாக்கி, கணினி வழி மொழியாய்வு செய்து, உலக வங்கியின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று எழுதிய கட்டுரை 2019இல் அமெரிக்காவின் முன்னணி அரசியல் அறிவியல் இதழில் வெளியானது. கிராம சபை வெறும் பேச்சுக் கூடம் அன்று, மக்கள் அங்கே பிரதிநிதிகளைக் கேள்வி கேட்கிறார்கள் என்பது அதன் முதல் முடிவு. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பேசுகிறார்கள், அவர்கள் எழுப்பும் பொருளுக்கு அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான மறுமொழி கிடைப்பதும் குறைவு என்பது இரண்டாவது. பெண்களுக்கான இட ஒதுக்கீடு அவர்கள் பேசும் வாய்ப்பைப் பெரிதாகக் கூட்டவில்லை, ஆனால் பேசியது செவிசாய்க்கப்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது மூன்றாவது. உங்கள் ஆய்வேடு இதற்கு மிக அருகில் இருக்கிறது. அந்தக் கட்டுரையை இன்னும் படிக்கவில்லை என்றால் இந்த வாரமே படியுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் பெரும்பாலும் அரசியலமைப்புச் சட்டம், அரசியல் சிந்தனையாளர்கள், பன்னாட்டு உறவு என்று ஏட்டளவில் நின்றுவிடுகிறது; மாதிரி எடுப்பது எப்படி, வினாநிரல் அமைப்பது எப்படி, தரவை அலசுவது எப்படி என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பொருளியல் மாணவர்களைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்; அந்தப் பாடத்தின் மீது தனிப் பற்று எதுவும் கிடையாது. நீங்கள் ஸ்டாட்டா அல்லது ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளில் ஒன்றை நன்றாகப் பழகி, கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவியில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கி முடிக்கவும் தெரிந்துகொண்டால் அந்த இடைவெளியில் பாதி மறைந்துவிடும். திட்ட மதிப்பீட்டில் உலகெங்கும் எடுத்தாளப்படுபவை, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பின் ஆறு அளவுகோல்கள்: பொருத்தம், இசைவு (மற்ற திட்டங்களோடு ஒத்துப்போவது), பயனுறுதி, வினைத்திறன், தாக்கம், நிலைப்பு. 2019 வரை ஐந்தாக இருந்தவற்றோடு இசைவு சேர்க்கப்பட்டது. உங்கள் ஊரில் முடிந்துபோன ஏதேனும் ஒரு திட்டத்தை எடுத்து, இந்த ஆறையும் வைத்து எழுதிப் பாருங்கள். நேர்காணலில் நீங்கள் காட்டக்கூடிய வேலை அது.

டெல்லிக்கோ வெளிநாட்டுக்கோ போனால்தான் தொடங்க முடியும் என்பதில்லை. வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதனை முறையில் ஆராயும் ஜே-பால் அமைப்பின் தெற்காசியக் கிளை 2007இல் சென்னையில்தான் தொடங்கியது. அந்த அமைப்பை நிறுவியவர்களில் இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து பொருளியல் நோபல் பரிசு பெற்றார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் இருக்கிறது, தானம் அறக்கட்டளை மதுரையில் இருக்கிறது. புதுவாழ்வுக்குப் பின் வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டமும் உலக வங்கியின் நிதியில் தொடங்கப்பட்டதே. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக 1963 முதல் 1970 வரை இருந்த மால்கம் ஆதிசேஷையா வேலூரில் பிறந்தவர். அப்பதவியிலிருந்து திரும்பியதும் 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறில் உள்ள அந்த நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒரு முறையேனும் போய் வாருங்கள்.

தில்லியிலிருந்து ஒருவர்:

மேலே எழுதியவரின் கருத்துகளோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை என்பதால் அதை நான் எழுதுகிறேன். நம்பி இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே வற்றுகிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. மிகச் சில நாடுகளே அதை எட்டியிருக்கின்றன. பிரிட்டன் சில ஆண்டுகள் எட்டியது, பின்னர் 0.5க்கு இறங்கி, 2027க்குள் 0.3க்குக் குறைக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது, ஜூலை 1 முதல் அந்நாட்டின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவது முடிவுக்கு வந்தது. அதன் நிதியை நம்பியிருந்த நிறுவனங்கள் உலகெங்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இன்று உங்களைப் போன்ற புதியவர்களோடு அதே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பதுதான் கள நிலவரம்.

இந்தியாவுக்குள் வேறொரு நெருக்கடி இருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது, வெளிநாட்டு நிதி பெறும் ஒரு நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவது தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனத்திடம் பணம் பெற்று மாவட்ட அளவில் வேலை செய்துவந்த சிறு தொண்டு நிறுவனங்களை முதல் விதி முடக்கியது. இரண்டாவது விதி அலுவலகப் பணியிடங்களைச் சுருக்கியது. இவ்விரண்டும் தேவையற்ற கடுமை என்பது என் உறுதியான கருத்து; சிற்றூர்களில் நல்ல வேலை செய்துகொண்டிருந்தவர்களையே அவை முதலில் பாதித்தன. மறுபக்கம், நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்த பிறகு, இத்துறையின் புதிய வேலைகளில் கணிசமான பகுதி இந்தப் பணத்திலிருந்தே வருகிறது.

ஐக்கிய நாடுகள் அவையைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோர் மனத்திலும் அது இருக்கும். அங்கே பன்னாட்டு நிலை அலுவலர், நாட்டு நிலை அலுவலர், பொதுச் சேவைப் பணியாளர் என்று வெவ்வேறு வகைகள் உண்டு. பன்னாட்டு நிலையில் பி-2 பணியிடத்துக்கு முதுகலையுடன் இரண்டு ஆண்டு அனுபவம், பி-3க்கு ஐந்து ஆண்டு அனுபவம் கேட்பது வழக்கம். இளம் அலுவலர் தேர்வுத் திட்டத்தில் 32 வயதுக்கு உட்பட்டவர்கள் எழுதலாம். ஆனால் எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். எனவே அதை நம்பி மற்ற வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். இளநிலை அலுவலர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் தரும் நாடுகள் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையே அனுப்புகின்றன. உங்களுக்கு நெருக்கமான கதவு, பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்புதான். 18 முதல் 26 வயதுக்குள் இருப்பவர்களுக்கான இளைஞர் தன்னார்வலர் பிரிவில் அனுபவம் அதிகம் கேட்பதில்லை, மாதந்தோறும் வாழ்க்கைப் படியும் உண்டு. சொந்த நாட்டிலேயே பணியாற்றும் தேசியத் தன்னார்வலர் இடங்கள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. பதிவுக் கட்டணம் கேட்டு வரும் அழைப்பு எவ்வளவு நேர்த்தியான கடிதத்தாளில் வந்தாலும் மோசடிதான்.

வவுனியா வாசகி:

தங்கைக்கு வணக்கம். இலங்கையின் வடக்கில் அரச சார்பற்ற நிறுவனங்களில் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் எங்கள் மாவட்டங்களில் பன்னாட்டு நிறுவனங்கள் பெருந்தொகையாக இயங்கின. கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் போன்றவை 2002 முதலே இங்கு இருக்கின்றன. அவ்வேலையில் ஏராளமான பெண்கள், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள், ஈடுபட்டிருக்கிறார்கள். கொடையாளர்களின் கவனம் வேறு நாடுகளின் பக்கம் திரும்பியபோது அந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தில்லி அன்பர் கூறுவது போன்ற சுருக்கத்தை நாங்கள் முன்னரே கண்டிருக்கிறோம். செயற்றிட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். ஓய்வூதியம் கிடையாது. இதை உங்கள் வீட்டாருக்கும் இப்போதே விளங்கப்படுத்தி வையுங்கள்.

மதுரை அன்பர் சொன்ன அதிகாரக் கேள்விகளுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். இந்திய அரசு இலங்கையில் 50,000 வீடுகள் கட்ட உதவியது. வடக்கு, கிழக்கில் அவற்றின் பெரும்பகுதியை ஒப்பந்தக்காரர்கள் கட்டவில்லை; வீட்டுக்குரியவர்களே கட்டினார்கள். வீடொன்றுக்கு 550,000 இலங்கை ரூபாய், வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் பலமுறை இடம்பெயர்ந்து காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) தொலைத்தவருக்கு என்ன செய்வது, கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்ணின் பெயரில் காணி இல்லையென்றால் என்ன செய்வது, தனியே வாழும் முதியவர் மேசனையும் சீமெந்தையும் எங்கே தேடுவார் என்ற கேள்விகள் ஒவ்வொரு கிராமத்திலும் எழுந்தன. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், நடைமுறைப்படுத்தும் நிறுவனம், தூதரகம் ஆகிய நான்கு இடங்களிலும் பேசத் தெரிந்தவர்களால்தான் அவற்றுக்கு விடை காண முடிந்தது. யாரிடம் தீர்மானிக்கும் உரிமை இருக்கிறது, யார் கையெழுத்திட அஞ்சுகிறார், ஏன் அஞ்சுகிறார் என்று விளங்கிக்கொள்வதற்கு உங்கள் பாடம் நல்ல அடித்தளம்.

இந்தியாவும் கொடை தரும் நாடு என்பதை உங்கள் நாட்டு மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். 1964 முதல் பிற நாட்டவர்களுக்குப் பயிற்சி தரும் ஐடெக் திட்டம் நடக்கிறது. வெளியுறவு அமைச்சில் 2012இல் வளர்ச்சிக் கூட்டாண்மைக்கென்றே ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டது. மேற்கு நாடுகள் பின்வாங்கும் இக்காலத்தில் இந்தியா, சீனா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றின் உதவி எப்படி நடைபெறுகிறது என்பதை ஆராய அரசியல் அறிவியல் மாணவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? தமிழ் உங்களுக்கு எங்கள் நாட்டிலும் பயன்படும். ஆனால் இங்கு வேலை செய்ய விரும்பினால் எங்கள் வரலாற்றைப் பத்திரிகைச் செய்திகளுக்கு அப்பால் சென்று படித்துவிட்டு வாருங்கள்.

நெல்லை மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிராம சபை பற்றிய அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி. வீட்டில் முதல் பட்டதாரி நான். ஊதியம் இல்லாத பயிற்சிப் பணியில் சேரும் வசதி எங்களுக்கு இல்லை. சென்னையில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று மாவட்டங்களில் கணக்கெடுப்பாளராகச் சில மாதங்கள் பணியாற்ற ஆள் எடுக்கிறது. முதுகலை முடித்துவிட்டுக் கணக்கெடுப்பாளராகப் போவதா என்று தோழிகள் கேட்கிறார்கள். அதை ஏற்பதா, வெளிநாட்டு முதுகலைக்கான உதவித்தொகைகளுக்கு உடனே விண்ணப்பிப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. என் ஆங்கில எழுத்தும் இன்னும் திடமாகவில்லை.

மதுரை மதிப்பீட்டாளர்:

கணக்கெடுப்பு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைக் குறைவாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரு கேள்வியை வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது, ஆண் பக்கத்தில் இருந்தால் பெண் தரும் விடை எப்படி மாறுகிறது, வருமானம் பற்றிய கேள்விக்கு ஏன் எல்லோரும் தயங்குகிறார்கள் என்பதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் பின்னாளில் வினாநிரல் எழுதினால் அது வேறு தரத்தில் இருக்கும். கணக்கெடுப்பாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளர், கள மேலாளர், ஆய்வு உதவியாளர் என்று உயர்ந்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். சேர்ந்த பிறகு தரவைச் சரிபார்க்கும் குழுவில் இடம் கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை உங்களுக்கு அவசரம் தேவையில்லை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கு ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் உதவித்தொகைக்கும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே ஊதியத்துடன் செய்யும் இந்தக் களப்பணியே விண்ணப்பத்துக்கும் கணக்காகும். பணி நேரத்தைக் குறிப்பிட்டு ஒவ்வொரு நிறுவனத்திடமும் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் விதிகளையும் மாவட்ட நல அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

பயிற்சிப் பணி பற்றித் தெளிவு தேவை. ஐ.நா. செயலகத்தில் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் உதவித்தொகை தருகின்றன. வசதி உள்ளவர்கள் மட்டுமே ஊதியமில்லாமல் நியூயார்க்கில் தங்கிப் பழக முடியும் என்பது இத்துறையின் பழைய அநீதி. அதனால் உங்கள் தகுதி குறைந்ததாக ஒருபோதும் எண்ண வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஆய்வேட்டைச் சுருக்கி, கொள்கைக் குறிப்பு வடிவில், ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதுங்கள்: முதல் பத்தியில் கண்டறிந்தது, அடுத்து அதற்கான ஆதாரம், பிறகு ஊராட்சி இயக்குநரகம் என்ன செய்யலாம் என்பது. அலங்காரம் வேண்டாம், குறுகிய வாக்கியங்கள் போதும். பெரும்பாலான விண்ணப்பங்களில் எழுத்து மாதிரி கேட்பார்கள், அதற்கு இது உதவும். முதல் வரைவு தயாரானதும் இங்கேயே பதிவிடுங்கள். வரி வரியாகத் திருத்தித் தருகிறேன். தில்லி அன்பரும் ஒரு முறை பார்த்தால் நன்றாக இருக்கும்.

தில்லியிலிருந்து ஒருவர்:

நிச்சயமாகப் பார்க்கிறேன். வரைவோடு உங்கள் தன்விவரக் குறிப்பையும் அனுப்புங்கள். தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை நீக்கிவிட்டுப் பதிவிடுங்கள்.